மறு: ஃபேசியோலாவுக்குத் தமிழ் வேண்டும், வெள்ளிக்குள்

மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி
நண்பர்களே, குழந்தைநலக் கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏற்காட்டு மலையூர் அங்கன்வாடிகளுக்கும் கொடுப்பார்கள். அதில் ஃபேசியோலா பற்றி இரண்டு பக்கம். இலை போன்ற புழு, 3 சென்டிமீட்டர் வரை வளரும், கல்லீரலைத் துளைத்துப் போய்ப் பித்தநாளத்தில் தங்கிவிடும். பொலிவியாவின் மேட்டுநிலக் குழந்தைகளிடம் மிகுதியாம். 'லிவர் ஃபுளூக்' என்றே விட்டுவிட மனம் வரவில்லை.

தமிழாசிரியர், ஓமலூர்
குடல் + புழு, குடற்புழு. ஈரல் + புழு, ஈரற்புழு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கால்நடை மருத்துவர், ஆத்தூர்
ஐயா, ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு உருண்டைப்புழு, நாடாப்புழு, தட்டைப்புழு மூன்றும் பழகிய பெயர்கள். இது தட்டைப்புழு. நம் ஊர் மாடு, எருமைகளில் காண்பது பெரும்பாலும் இதன் பெரிய இனமான ஜைஜான்டிகா. 'ஈரல் தட்டைப்புழு' என்று போடுங்கள், வேலை முடிந்தது.

தமிழாசிரியர்
புணர்ச்சி என்று ஒன்று இருக்கிறதே டாக்டர்! லகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் இரண்டுமே றகரம். கல் + தூண் கற்றூண் ஆகவில்லையா? அதுபோல 'ஈரற்றட்டைப்புழு'.

மொழிபெயர்ப்பாளர்
ஐயா, அதை அங்கன்வாடி டீச்சர் தாய்மாருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சூரமங்கலம்
ஃபேசியோலா என்றால் லத்தீனில் சிறு துணிப்பட்டை, அதாவது நாடா. ஆக உண்மையான நாடாப்புழு இதுதான், பெயரை வேறொன்று தட்டிக்கொண்டு போய்விட்டது! 'ஃபுளூக்' பழைய ஆங்கிலத்தில் தட்டைமீன். நம் கடற்கரையில் அந்தச் சாதிக்கு நாக்குமீன் என்று பெயர். ஆகவே 'நாக்குப்புழு'.

குழந்தை மருத்துவர், சேலம்
வேண்டவே வேண்டாம் சார். நாக்குப்பூச்சி என்றால் வயிற்றில் வரும் உருண்டைப்புழு என்று எல்லாப் பாட்டிகளுக்கும் தெரியும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் அல்பெண்டசோலை விழுங்கினால் போதும் என்று இருந்துவிடுவார்கள். இதற்கு அந்த மாத்திரையை நம்ப முடியாது. ட்ரைகிளாபெண்டசோல் வேண்டும், எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம். அமெரிக்காவில் 2019இல் அதற்கு அனுமதி கொடுத்ததும் 6 வயது முதல்தான். ஆகவே நாக்கு, குடல், பூச்சி மூன்றுமே பெயருக்குள் வரக்கூடாது.

வெறும் 'ஈரல்' என்பதும் போதாது. நுரையீரலுக்கென்று தனித் தட்டைப்புழு உண்டு, வேகாத நண்டால் வருவது. 'கல்லீரல்' என்று முழுதாகவே எழுதுங்கள். பெயரோடு 'தொற்று' என்று சேர்ப்பதும் எனக்கு உறுத்துகிறது. தும்மலிலோ தொடுவதிலோ இது ஒட்டாது. சாணத்தோடு முட்டை நீருக்குப் போய், நத்தைக்குள் வளர்ந்து, வெளியே வந்து நீர்ச்செடியில் ஒட்டி, அதைப் பச்சையாகத் தின்றாலோ அந்த நீரை அப்படியே குடித்தாலோதான் வரும்.

தமிழாசிரியர்
நத்தை என்றதும் நினைவு வருகிறது. தொல்காப்பியர் மரபியலில் அதை 'நந்து' என்று சொல்லி ஈரறிவு உயிர்களில் வைத்தார். நந்து என்றால் பெருகுதல் என்றும் ஒரு பொருள். நத்தைக்குள் பெருகும் புழு, 'நந்துப்புழு'! எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

கால்நடை மருத்துவர்
பொருத்தம்தான் ஐயா. யாருக்குப் புரியும்?

மொழிபெயர்ப்பாளர்
இன்னொரு சிக்கல். மூலத்தில் 'வாட்டர்கிரஸ்' என்ற கீரை வருகிறது. வல்லாரை என்று மாற்றலாமா?

குழந்தை மருத்துவர்
கூடாது. அது கடுகுக் குடும்பம், வல்லாரை கொத்தமல்லிக் குடும்பம். வல்லாரைத் துவையலை வீணாகப் பயமுறுத்தாதீர்கள். 'மாடு இறங்கும் நீரில் வளர்ந்த கீரையை வேகவைத்தே கொடுங்கள்' என்றால் எல்லாம் அடங்கிவிடும்.

மொழிபெயர்ப்பாளர்
சரி, எனக்கு நேரம் இல்லை. ஆசிரியர் ஐயா தவிர மற்றவர்கள் ஒத்துப்போவதாகத் தெரிகிறது; சூரமங்கலம் சார் பதிலே போடவில்லை, சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். 'கல்லீரல் தட்டைப்புழு நோய்' என்று அனுப்புகிறேன்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்
சம்மதம் இல்லை. பேத்தியைப் பள்ளியில் விடப் போயிருந்தேன்.

தமிழாசிரியர்
அனுப்புங்கள். என் வகுப்பில் அது கல்லீரற்புழுதான். பித்தமும் வடசொல், நாளமும் வடசொல். 'பித்தநாளம்' பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?