போரைட்டஸ் மேல் படரும் கறுப்புப் படலம்: டெர்பியோஸ்தானா என்று உறுதி செய்வது எப்படி?

வடகடல்_ஆய்வு:
வணக்கம். மண்டபத்துக்கு வடக்கே, பாக் விரிகுடாப் பக்கம் 1 முதல் 3 மீட்டர் ஆழத்தில் உள்ள பவளத் திட்டுகளில் கடற்பஞ்சு–பவளப் போட்டி பற்றிய ஆய்வைத் தொடங்குகிறோம். போரைட்டஸ், ஃபேவைட்டஸ் என்ற பவளங்களின் குன்றுகளில் சாம்பல் கலந்த கறுப்புப் படலம் ஓரத்திலிருந்து ஏறி வருகிறது. தடிமன் 1 மி.மீ. கூட இல்லை. உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து அதைக் கொல்லும் டெர்பியோஸ் ஹோஷினோட்டா என்ற கடற்பஞ்சு என்று சந்தேகம். கறுப்புப் பட்டை நோயாகவும் இருக்கலாம் என்கிறார் உடன் வேலை செய்பவர். நீருக்குள்ளேயே பிரித்தறிய வழி உண்டா? ஆய்வகத்தில் எப்படி உறுதி செய்வது? பரவும் வேகத்தை எப்படி அளப்பது? 20 மீட்டர் லைன் ட்ரான்செக்ட் (நாடா விரித்து, அதன் கீழே இருப்பதைக் குறிப்பது) போட்டுச் சதவீதம் எடுத்தால் போதுமா?

பார்_அடி:
நீருக்குள் முதலில் விரலால் ஓரத்தை மெல்ல விசிறிப் பாருங்கள். கறுப்புப் பட்டை நோய் என்பது நீலப்பச்சைப் பாக்டீரியாக்களின் பாய். விசிறினால் நூல்நூலாகப் பிரியும், சிரிஞ்சால் உறிஞ்சினால் கையோடு வந்துவிடும். அது ஒரு பட்டையாக நகரும். பின்னால் வெள்ளை எலும்புக்கூடு தெரியும். டெர்பியோஸ் அப்படி இல்லை. ஒட்டிய தோல் போலக் கிடக்கும், நகர்ந்த இடத்தை விட்டுப் போகாது, அடியில் பவளத்தின் கிண்ண வடிவம் அப்படியே புடைத்துத் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியோ மேக்ரோ லென்ஸோ இருந்தால், சிறு துளையை நோக்கி நட்சத்திரம்போல் கூடும் கால்வாய்களைப் பார்க்கலாம்.

இன்னும் இரண்டைத் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒன்று, பழுப்பு–கறுப்பு நிறத்தில் மேலே படரும் கிளியோனா என்ற கடற்பஞ்சு. இது பவளத்தைத் துளைக்கும் இனம். ஒரு சிறு சில்லைப் பெயர்த்தால் கிளியோனாவில் எலும்புக்கூட்டுக்குள் அறை அறையாகத் திசு போயிருக்கும். டெர்பியோஸில் மேல்தோல் மட்டுமே, அடியில் பவளம் முழுசாக இருக்கும். மற்றொன்று டைடெம்னிட் வகைக் கூட்டு அசிடியன் (கூட்டமாகப் படலம்போல் ஒட்டி வாழும் கடல் விலங்கு). அதன் நுண்முட்கள் சுண்ணாம்பு. உரித்தெடுத்த படலத்தில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். பவளத் துகள் ஒட்டியிருந்தால் அதுவும் நுரைக்கும், ஆகவே படலத்தைத் தனியாக உரித்துவிட்டுச் சோதியுங்கள்.

நிறத்தை மட்டும் வைத்து அறிக்கையில் இனப்பெயர் எழுதிவிடாதீர்கள். டெர்பியோஸின் கறுப்பே அதன் திசுவில் நிறைந்த நீலப்பச்சைப் பாக்டீரியாவால் வருவது.

ஸ்பிக்யூல்_மேசை:
ஆய்வகப் பகுதியை நான் சொல்கிறேன்.

சில்லு எடுப்பதற்கு முன் இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, நிறம், தொட்டால் எப்படி, துளைகளின் அளவு எல்லாம் ஸ்லேட்டில் எழுதிவிடுங்கள். எத்தனாலில் போட்டதும் நிறம் போய்விடும். ஒவ்வொரு மாதிரிக்கும் தனிக் குப்பி, 95 சதவீத எத்தனால், மாதிரியைப்போல் 10 மடங்கு கனஅளவு. 24 மணி நேரத்தில் எத்தனாலைக் கட்டாயம் மாற்றுங்கள். கடற்பஞ்சு தன்னுள் வைத்திருக்கும் கடல்நீர் கசிந்து எத்தனாலை நீர்க்கச் செய்யும், டி.என்.ஏ. கெட்டுவிடும். ஃபார்மலின் வேண்டாம். நாள்பட அமிலமாகிச் சுண்ணாம்புக் கடற்பஞ்சின் முட்களைக் கரைக்கும், டி.என்.ஏ.வையும் பாழாக்கும்.

ஸ்பிக்யூல் (கடற்பஞ்சின் திசுவில் உள்ள நுண்முள்) எடுக்க 2–3 மி.மீ. துண்டு போதும். எத்தனாலை முழுக்க வடித்து, நல்ல நீரில் கழுவிய பிறகே பிளீச்சில் போடவும். இரண்டையும் கலந்தால் குளோரோஃபார்ம் உண்டாகும். 1.5 மி.லி. எப்பெண்டார்ஃப் குப்பியில் 4–5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 1 மி.லி. விட்டு, மூடியைத் தளர்த்தி வையுங்கள், வாயு வெளியேற வேண்டும். திசு கரைந்ததும் காய்ச்சி வடித்த நீரில் மூன்று நான்கு முறை, கடைசியாக எத்தனாலில் ஒரு முறை கழுவல்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்தக் கழுவலில்தான். டெர்பியோஸின் முட்கள் சுமார் 250 மைக்ரான் நீளம், 3 மைக்ரான் தடிமன்; மெதுவாகத்தான் படியும். ஒவ்வொரு கழுவலுக்கும் அரை மணி நேரமாவது படியவிட்டு, மேல்நீரைப் பிப்பெட்டால் எடுங்கள். சாய்த்து ஊற்றினால் முட்கள் நீரோடு போய்விடும், "ஸ்பிக்யூல் இல்லாத இனம்" என்று தவறாக முடிவுக்கு வருவீர்கள். மைக்காலே போன்ற வேறு கடற்பஞ்சுகளின் சிறு முட்களும் இதே வழியில்தான் தொலைகின்றன.

400 மடங்கில் பாருங்கள். டெர்பியோஸில் ஒரே வகை முள்தான்: குண்டூசி போன்ற டைலோஸ்டைல். தலை முழு உருண்டையாக இருக்காது, இடுங்கி நான்கு புடைப்பாகத் தெரியும். கிளியோனா என்றால் டைலோஸ்டைலோடு பெரும்பாலும் முறுக்கிய ஸ்பைராஸ்டரும் வரும். 30 முட்களின் நீளம், தடிமன், தலை அகலம் அளந்து குறைந்த, சராசரி, கூடிய அளவு மூன்றையும் எழுதுங்கள். வேற்றுவகை முள் ஒன்றிரண்டு தென்பட்டால் அது வண்டலோடு வந்ததாக இருக்கலாம். திசுவை வெட்டிப் பார்த்து, அதில் பொதிந்திருந்தால் மட்டும் கணக்கில் சேருங்கள்.

கிளியோனா சந்தேகமிருந்தால் சில்லை முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விட்டுச் சுண்ணாம்பைக் கரைத்து, நன்றாகக் கழுவி, திசுவை மட்டும் பிளீச்சில் போடுங்கள். அமிலமும் பிளீச்சும் ஒரு குப்பியில் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும்.

அடித்தளம்:
ட்ரான்செக்ட் கேள்விக்கு வருகிறேன். சதவீதம் மட்டும் போதாது. கடல் சூடேறிப் பவளம் வெளிறிய 2010, 2016-இல் இங்கே பவளங்கள் நிறைய செத்தன. செத்த எலும்புக்கூட்டில் பின்னால் வந்து குடியேறிய கடற்பஞ்சையும், உயிருள்ள பவளத்தைக் கொல்லும் கடற்பஞ்சையும் அந்த எண் பிரித்துக் காட்டாது. இரண்டும் நேர் எதிரான செய்தி. ஒரு முறை பார்த்துவிட்டு "கடற்பஞ்சு பவளத்தை அழிக்கிறது" என்று எழுதுவதை ஏற்க முடியாது.

ட்ரான்செக்டோடு, கடற்பஞ்சும் பவளமும் தொடும் புள்ளிகளையும் எண்ணுங்கள்: எந்தப் பவளம், எது மேலே, ஓரத்தில் பவளத் திசு வெளிறியிருக்கிறதா என்று. துளைக்கும் இனங்களை நாடா வழியே பார்த்தால் பாதி தப்பிவிடும், 50 செ.மீ. குவாட்ராட்டில் (சதுரச் சட்டம்) முகம் வைத்துத்தான் தேட வேண்டும். நாடாவை இரு முனையிலும் கட்டுங்கள், இல்லாவிட்டால் அலையில் ஆடி அளவு கெடும்.

வேகத்துக்கு நிலையான ஓரம் வேண்டும். செத்த எலும்புக்கூட்டில் மட்டும் இரண்டு துருப்பிடிக்காத ஆணி அடித்து, அவற்றிலிருந்து ஓரம் வரை பத்து இடங்களில் தூரம் அளவிடுங்கள். கூடவே அளவுச்சட்டத்தோடு படம், பிறகு இமேஜ்ஜே என்ற படம் அளக்கும் மென்பொருளில் பரப்பு. போரைட்டஸ் குன்று வளைவானது, மேலிருந்து எடுக்கும் படம் பரப்பைக் குறைத்துக் காட்டும். ஆணித் தூரம்தான் நம்பகமானது. குவாமில் டெர்பியோஸ் ஓரம் மாதத்துக்குச் சராசரி 23 மி.மீ. நகர்ந்ததாகப் பதிவு உண்டு. ஆகவே மாதம் ஒரு முறை போதும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்றால் ஆணியையே மூடிவிடும். பாசி மட்டும் தொடும் பவள ஓரங்களையும் அதே எண்ணிக்கையில் ஒப்பீட்டுக்கு வையுங்கள்.

வடகடல்_ஆய்வு:
மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். எங்கள் இடம் தேசியப் பூங்கா எல்லைக்கு வெளியே, அனுமதி தேவையா? வாடை காலத்தில் மாத அளவீடு தப்பினால் என்ன செய்வது?

அடித்தளம்:
தேவை. பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. எல்லை எங்கே என்பது பொருட்டல்ல. தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வரும்வரை சில்லும் கூடாது, ஆணியும் கூடாது. படமும் நாடாவும் போதுமான வேலைகளை அதற்குள் முடியுங்கள்.

வாடையில் வடகடல் கலங்கி ஓரமே தெரியாது. இடைவெளியை ஊகித்து நிரப்பாதீர்கள். இரண்டு அளவீட்டுக்கு நடுவே கழிந்த நாட்களால் வகுத்து, மி.மீ./நாள் என்று எழுதுங்கள். கலங்கலுக்கு முன் கடைசியாக ஒரு முறை, தெளிந்ததும் உடனே ஒரு முறை. வண்டல் படிந்த ஓரத்தைக் கையால் துடைக்க வேண்டாம். படலம் கிழிந்தால் அந்த ஓரத்தின் தொடர் அளவீடு அதோடு போய்விடும். ரப்பர் பல்பால் நீரைப் பீய்ச்சி வண்டலை விலக்கிவிட்டுப் படம் எடுங்கள்.