சாக்கடைத் தண்ணீரை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியுமா?

குன்னூர்க்காரன்: சீசன் வந்தாலே ஊட்டியில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று ஒரு சுற்று வருகிறது. கழிவுநீரைச் சோதித்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்கிறார்களே, நிஜமா?

லேப்வாசி: நிஜம்தான். கொரோனா வைரஸ் மலத்தில் வெளியேறும், அறிகுறியே இல்லாதவர்களிடமிருந்தும். அதனால் ஆஸ்பத்திரியில் கூட்டம் சேரும் முன்பே சாக்கடையில் அதன் ஆர்என்ஏ (வைரஸின் மரபணுப் பொருள்) கூடுவது தெரிந்துவிடலாம். மும்பையில் 2001 முதலே போலியோவுக்கு இப்படிப் பார்க்கிறார்கள். 2022இல் லண்டன் கழிவுநீரிலும் போலியோ வைரஸ் சிக்கியது.

மலைக்குருவி: சரி, செப்டிக் டேங்க் வீடுகள் கணக்கில் வராதே? ஊட்டிச் சாக்கடை ஓடும் கோடப்பமந்து கால்வாயில் மாதிரி எடுத்தால் மழைத்தண்ணீரும் கலந்திருக்கும்.

லேப்வாசி: செப்டிக் டேங்க் சிக்கல்தான். மழைக்கு வழி உண்டு: மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸ் நம் மலத்தில் ஏராளமாக இருக்கும் (காரக்குழம்பு புண்ணியம்), மழைத்தண்ணீரில் அதுவும் சேர்ந்தே நீர்த்துப்போவதால், அதோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுவார்கள். ஆனால் வந்தது டூரிஸ்ட்டிடமிருந்தா, உள்ளூர்க்காரரிடமிருந்தா என்று சாக்கடை சொல்லாது.