மழை ரோட்டில் டயர் பிடிப்பு: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

சேலம்_செடான்:
திண்டிவனம் தாண்டி வரும்போது கொட்டுகிற மழை. முன்னால் மச்சான் வண்டி, பின்னால் என் வண்டி. ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே 185/65 ஆர்15 சைஸ், டயர் கம்பெனி மட்டும் வேறு. ஒரு லாரி சட்டென்று லேன் மாறியதும் அவன் பிரேக் அடித்தான், நானும் அடித்தேன். காலுக்கடியில் ஏபிஎஸ் கடகடவென்று உதறுகிறது, ஆனால் அவன் பம்பர் கிட்டே வந்துகொண்டே இருக்கிறது. இடதுபக்கம் ஒடித்து மண்ணில் இறக்கித்தான் தப்பித்தேன். இடைவெளி நன்றாகவே விட்டிருந்தேன், இரண்டு வண்டி டயரிலும் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) தேயாமல் இருந்தது. அப்புறம் டயர் கடைக்குப் போனால் "இது 60,000 ஓடும் சார், அது 40,000 தான்" என்கிறார்கள். மழையில் எத்தனை மீட்டரில் நிற்கும் என்று ஒரு கடையிலும் சொல்லவில்லை. இதற்கெல்லாம் டெஸ்ட் உண்டா, இல்லையா?

ஒரகடம்_மணி:
உண்டு தம்பி. ஒரு டயர் கம்பெனியில் டெஸ்ட் டீமில் இருந்தேன். ட்ராக்கில் 0.5 முதல் 1.5 மி.மீ. வரை தண்ணீர் நிற்கவிட்டு, பிரேக் அடித்து, 80-லிருந்து 20 கி.மீ. வேகத்துக்கு வர எவ்வளவு தூரம் ஆகிறது என்று அளப்பார்கள். வெறும் மீட்டர் கணக்கை மட்டும் யாரும் நம்புவதில்லை, வெயில் ஏற ஏற தரையின் பிடிப்பே மாறும். அதனால் உலகம் முழுக்க ஒரே தரத்தில் செய்யப்படும் ரெஃபரன்ஸ் டயரை முதலில் ஓட்டி, நம் டயர்களை ஓட்டி, மறுபடி ரெஃபரன்ஸ் டயரை ஓட்டி, அதோடு ஒப்பிட்ட விகிதத்தைத்தான் மதிப்பாக எடுப்பார்கள்.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. ஈரமான வளைவுகளில் ஓட்டிப் பார்க்கும் சீனியர் டிரைவருக்கு எந்த டயர் மாட்டியிருக்கிறது என்று சொல்ல மாட்டோம். ஒருநாள் அவர் இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் "பின்பக்கம் சொல்லாமல் பிடியை விடுகிறது, இதை வீட்டு வண்டிக்குப் போடாதீர்கள்" என்றார். அன்று காலை பிரேக் டெஸ்டில் முதலில் வந்ததே அந்த டயர்தான். அது விற்பனைக்குப் போனதா என்று தெரியவருவதற்குள் நான் வேறு வேலைக்கு மாறிவிட்டேன்.

உங்கள் 60,000 கணக்குக்கும் ஒரு வார்த்தை. நீண்ட ஆயுள், ஈரப்பிடிப்பு, உருளும்போது குறைந்த இழுவை, இந்த மூன்றில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையப் பார்க்கும். டயர் ரப்பரில் சிலிக்கா என்ற மணல் வகைத் தூளைக் கலக்க ஆரம்பித்த பிறகு நிலைமை தேறியிருக்கிறது, ஆனாலும் ஓடும் கிலோமீட்டரை மட்டும் கேட்டு டயர் வாங்கக் கூடாது. ஏஐஎஸ்-142 என்ற இந்திய வாகனத் தர விதி வந்த பிறகு இங்கேயும் ஈரப்பிடிப்புக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு.

ஸ்டுட்கார்ட்_தமிழன்:
மணி சார், நீங்கள் சொல்லும் டெஸ்டில் தண்ணீர் ஒரு படலம்தான். இங்கே ஐரோப்பாவில் ஒவ்வொரு புது டயருக்கும் லேபிள் உண்டு, 2021 மே முதல் ஈரப்பிடிப்புக்கு ஏ-யிலிருந்து இ வரை ஐந்து தரம். என் டயர் ஏ. உல்ம் நோக்கிப் போகும் ஏ8 சாலையில் மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் ஏறியதும் ஸ்டீயரிங் கையில் எடையே இல்லாமல் போய்விட்டது, இன்ஜின் ஆர்பிஎம் மட்டும் குபீரென்று ஏறுகிறது. டயர் தண்ணீர் மேல் மிதக்கிறது, அந்த லேபிள் அளப்பது இதை அல்ல. ஏடிஏசி என்ற ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கம் போன்ற அமைப்புகள் ஆழமான தண்ணீரில் தனியாகச் சோதிப்பது இதற்காகத்தான். லேபிள் தரமும் புது டயருக்கு மட்டும். தேய்ந்த டயரின் ஈரப்பிடிப்பையும் சோதிக்க வேண்டும் என்ற விதி 2024 ஜூலையில்தான் வந்தது, அதுவும் புதிதாக அனுமதி கேட்கும் டயர்களுக்கு.

கோவை_டிராவல்ஸ்:
கிலோமீட்டர் கேட்பது தப்பு என்று மணி சார் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது, வண்டி ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு அதுதான் சோறு. ஆனால் அந்த எண்ணை எப்படி நம்புவது என்பதுதான் கேள்வி. டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்ட அதன் பக்கத்தில் அடிக்கும் அமெரிக்க ட்ரெட்வேர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் ஏறத்தாழ 11,500 கி.மீ. ரோட்டில் ஓட்டி, ஒரு கன்ட்ரோல் டயரோடு ஒப்பிட்டு, மீதியைக் கணக்குப் போட்டு கம்பெனியே எண்ணை அடித்துக்கொள்கிறது. ஒரு கம்பெனியின் 400-ஐ இன்னொரு கம்பெனியின் 400-ஓடு வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

என் கதை சின்னது. 2023 தீபாவளி சமயம் "புது ஸ்டாக்" என்று கொடுத்த டயரில் பளபளவென்று பாலிஷ். கட்டை விரலால் துடைத்தால் 1419. அதாவது 2019-ன் 14-வது வாரம். பணத்தைத் திருப்பி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எல்லோரும் இதைச் செய்யுங்கள். பில் போடுவதற்கு முன், டயரின் பக்கத்தில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள், அதுதான் தயாரித்த வாரமும் வருடமும். அந்த எண்கள் உள்ள பக்கம் வண்டிக்கு உட்புறமாக வரும்படி மாட்டியிருந்தால் அவை வெளியே தெரியாது, அதனால் மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். காற்றை வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அளவுக்குப் பிடியுங்கள், பங்க்காரர் சொல்லும் அளவுக்கு வேண்டாம். பள்ளத்துக்குள் இருக்கும் மேட்டோடு பட்டன் சமமாகிவிட்டால் மீதி 1.6 மி.மீ. தான், சட்டமே அதோடு நிறுத்தச் சொல்கிறது, மழைக்காலத்துக்கு நான் 3 மி.மீ.-யிலேயே மாற்றிவிடுவேன். நான்கும் ஒரே மாடலாக இருக்கட்டும். இரண்டுதான் மாற்ற முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள்.

மதுரை_மீனா:
கோவை அண்ணே, அந்தக் கடைசி வரிக்காகவே எழுதுகிறேன். எங்கள் கடைக்காரர் "ஃப்ரன்ட் வீல் வண்டிம்மா, இழுக்கிறது முன்னால்தான்" என்று புது டயர் இரண்டையும் முன்னால் மாட்டிவிட்டார், அப்பாவும் சரி என்றார். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது தூறல், கொண்டை ஊசி வளைவில் முன்பக்கம் நான் திருப்பியபடி அழகாகப் போகிறது, பின்பக்கம் மட்டும் பள்ளத்துப் பக்கம் வெளியே போகிறது. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி எப்படியோ நேராக்கினேன். அப்பா இன்னும் "நீ வேகமாக வந்திருப்பாய்" என்றுதான் சொல்கிறார். மணி சார், தேய்ந்த டயரைப் பின்னால் போட்டு ட்ராக்கில் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் விவரமாக எழுதுங்கள், அவரிடம் காட்ட வேண்டும்.