ஏரியா சபைக்குப் போனவர்கள் சொல்லுங்கள்: கேட்டது நடந்ததா?

தெருக்கோடி:
வார்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் கூட்டம்தான் ஏரியா சபை. தமிழ்நாட்டில் வார்டு குழு, ஏரியா சபை விதிகள் 2022 ஜூனில் வந்தன. அதே வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பல ஊர்களில் கூட்டம் போட்டார்கள், பம்மலில் முதல்வரே வந்து உட்கார்ந்தார். அரசியல் சாசனத்தில் 1993-ல் அமலுக்கு வந்த 74-வது திருத்தத்திலேயே மூன்று லட்சம் பேருக்கு மேல் உள்ள ஊர்களுக்கு வார்டு குழு வேண்டும் என்று எழுதியாகிவிட்டது, நம் தெருமுனைக்கு வந்து சேர இவ்வளவு காலம். சரி, வந்தது வந்துவிட்டது. போனவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். திட்டுவதற்கு மட்டும் என்றால் வாட்ஸப் குழு இருக்கவே இருக்கிறது.

என்னுடையதை முதலில் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சொத்து வரி கட்டுகிறேன். எங்கள் உள்தெருவுக்குப் புது ரோடு போட டெண்டர் முடிந்திருந்தது. பழைய ரோட்டின் மேலேயே போட்டுப் போட்டு பாதி வீடுகளின் வாசல் தெருவை விடக் கீழே போய்விட்டது, மழை பெய்தால் தண்ணீர் நேராக ஹாலுக்குள். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் சொல்லியிருந்தார். அதைக் கூட்டத்தில் சொன்னதும் கவுன்சிலர் "கண்டிப்பா பண்ணிடலாம்ணே" என்றார். அந்த வார்த்தையோடு எல்லோரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்தான் எழுந்து, எஸ்டிமேட்டில் மில்லிங்குக்கு, அதாவது அந்தப் பழைய தாரைச் சுரண்டும் வேலைக்கு, தனியாகத் தொகை போட்டிருக்கிறதா என்று உதவிப் பொறியாளரிடம் கேட்டார். இருக்கிறது சார் என்றார். அப்படியென்றால் மில்லிங் செய்யாமல் அந்தத் தொகைக்குப் பில் பாஸ் ஆகக் கூடாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள் என்றார் பெரியவர். மிஷின் அந்தச் சந்துக்குள் நுழையாது, ஆள் கிடைக்காது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள். பெரியவர் அசையவில்லை, எழுதித்தான் முடித்தார்கள். அப்புறம் சின்ன மிஷின் எங்கிருந்தோ வந்தது! முழுத் தெருவும் இல்லை, கடைசி இரண்டு சந்துகளைக் கடப்பாரையால் பேருக்குக் கொத்திவிட்டுப் போனார்கள். ஆனாலும் எங்கள் வாசலுக்கு இந்த மழையில் தண்ணீர் வரவில்லை.

மணிப்புறா:
எங்கள் கதை சாக்கடை. எங்கள் ஊரில் பாதாள சாக்கடை ஒருவர் கையில், மழைநீர் வடிகால் இன்னொருவர் கையில். வடிகாலில் வெயில் காலத்தில் கூட கறுப்பாகத் தண்ணீர் ஓடும். கூட்டத்தில் வடிகால் அதிகாரியைக் கேட்டால் அது அவங்க லைன் கசியுதும்மா என்பார், பாதாள சாக்கடை அதிகாரி கூட்டத்துக்கே வரமாட்டார், ஏனென்றால் இந்தச் சபை அவரைக் கூப்பிட முடியுமே தவிர வரவழைக்க முடியாது.

வார்டு குழுவில் எங்கள் பகுதிக்கான உறுப்பினர் ஒரு தையல் கடை அக்கா. அவர் ஒரு வேலை செய்தார். இரண்டு பேரையும் ஒரே நாள் காலையில், "அவர் வர்றதா ஒத்துக்கிட்டார் சார், நீங்களும் வந்துட்டா முடிஞ்சிடும்" என்று தனித்தனியாகச் சொல்லி வரவைத்துவிட்டார். கலர் பொடி கரைத்து ஒவ்வொரு அபார்ட்மெண்ட்டின் கழிவுநீர்த் தொட்டியாக ஊற்றிக்கொண்டே வந்தோம். மூன்றாவது கட்டிடத்தில் ஊற்றியது கொஞ்ச நேரத்தில் வடிகாலில் ரோஸ் கலரில் ஓடியது. கசிவும் இல்லை ஒன்றும் இல்லை, பில்டர் செலவு மிச்சம் என்று கழிவுநீர்க் குழாயை வடிகாலிலேயே விட்டிருக்கிறார். அந்த அபார்ட்மெண்ட் ஆட்கள்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் கொசுத் தொல்லை பற்றி ரொம்பச் சத்தமாகப் பேசியவர்கள் என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை. இணைப்பை அடைத்தார்கள், முறையாக லைன் வாங்கக் கடிதம் கொடுத்தார்கள். இதில் சபைக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம் என்று ஒன்றும் வேலை செய்யவில்லை, அக்காவின் சாமர்த்தியம்தான்.

கொடிக்கம்பம்:
இந்த எல்லைப் பிரச்சினையைத் தெரிந்துகொண்டு போனால் பாதி சண்டை மிச்சம். சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, உள்தெரு ரோடு மாநகராட்சி. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியம். மின்கம்பி, தெருவோர மின்பெட்டி மின்வாரியம். சில பெரிய ரோடுகள் நெடுஞ்சாலைத் துறை. மாநகராட்சிக்குள்ளேயே பஸ் போகும் ரோடுகளைப் பார்க்கும் பிரிவு வேறு. ஏரியா சபையில் கேட்கப்படுவதில் பாதி, மேடையில் இருப்பவர் செய்யவே முடியாதது. அதையும் தீர்மானமாகப் போட்டு "உரிய துறைக்கு அனுப்பப்படும்" என்று எழுதிவிடுவார்கள், அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஆளில்லை.

நிழல்மரம்:
நீங்களாவது கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் பகுதியில் கூட்டம் நடந்ததாக ஃபோட்டோ மட்டும் வருகிறது. ஒரே ஷாமியானா, ஒரே பத்துப் பேர்.

ஜெயநகர்க்காரன்:
பெங்களூரு. இங்கே கவுன்சிலர்களின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது, தேர்தலே இல்லாமல் வருடக்கணக்கில் ஓடியது. வார்டு குழுக் கூட்டங்களை அதிகாரிகளே நடத்தினார்கள். ஒரு விதத்தில் பேசச் சௌகரியம், யாரும் யாருடைய கட்சி என்று பார்ப்பதில்லை. கேட்டதைக் கணினியில் அங்கேயே அடித்து திரையில் காட்டினார்கள், தெருவிளக்குக் கம்பத்தின் நம்பரோடு கொடுத்தால் விளக்கு எரிந்துவிடும். ஆனால் எந்த ரோட்டுக்கு முதலில் பணம் என்ற கேள்வி வந்தால் பேச்சு நின்றுவிடும். அதைச் சொல்ல ஓட்டு வாங்கிய ஒருவர் வேண்டும் போல.

பொட்டோமாக் தமிழன்:
வாஷிங்டன் டி.சி.யில் இருக்கிறேன். இங்கே அக்கம்பக்க ஆலோசனை ஆணையம் என்று 1970-களில் இருந்தே உண்டு. ஏறக்குறைய 2000 பேருக்கு ஒரு கமிஷனர், இரண்டு வருடப் பதவி, கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல், சம்பளம் கிடையாது. பெயரிலேயே ஆலோசனை, அதாவது இவர்கள் சொன்னதை நகர நிர்வாகம் தள்ளிவிடலாம். ஆனால் சும்மா தள்ள முடியாது. மதுக்கடை உரிமம், கட்டிட மண்டல விதி, நடைபாதை இதிலெல்லாம் முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும், ஆணையம் எழுத்தில் கொடுத்த ஒவ்வொரு ஆட்சேபத்தையும் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். சட்டமே அப்படி.

எங்கள் தெருவில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேகத்தடை கேட்டோம். கூட்டம் ராத்திரி, ஜூமில், பாதி நேரம் நாய் குரைக்கும் சத்தம். தீர்மானம் போனது. முடியாது என்று பதில் வந்தது, ஆனால் எத்தனை வண்டி, எவ்வளவு வேகம், எந்த நேரத்தில் அளந்தார்கள் என்று பக்கம் பக்கமாக. அளந்தது பள்ளி விடுமுறை வாரத்தில் என்பதை ஒரு அம்மா கண்டுபிடித்தார். திரும்ப அளக்க வைத்தோம், வேகத்தடை வந்தது. காரணத்தை எழுதித் தர வேண்டியிருந்ததால்தான் அதில் ஓட்டை தெரிந்தது.

கொடிக்கம்பம்:
நம் ஊர் சட்டத்தில் அந்த ஒரு வாக்கியம் இருந்தால் போதும். தீர்மானத்துக்கு இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் என்று. பத்து ஏரியா சபை, இருபது ஷாமியானா வேண்டாம்.

வெண்டைப்பூ:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு மாநகராட்சியில் பகுதி உறுப்பினர். உள்ளே இருந்து பார்ப்பது வேறு மாதிரி இருக்கும், கொஞ்சம் கேளுங்கள். என்னை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, நியமனம்தான். கட்சிக்காரர் சொல்லித்தான் என் பெயர் போனது என்று தெருவில் பேசுவது எனக்கும் தெரியும், பொய்யும் இல்லை. கையில் ஒரு ரூபாய் நிதி கிடையாது, சம்பளம் கிடையாது, விடியற்காலை தண்ணீர் வரவில்லை என்றால் முதல் ஃபோன் எனக்கு. சபையில் பகுதி வாக்காளர்கள் எல்லோருமே உறுப்பினர்கள், ஆனால் வருவது வயதானவர்களும் வீட்டில் இருக்கும் பெண்களும்தான். வேலைக்குப் போகிறவர்கள் வாட்ஸப்பில் மட்டும் வீரம்.

வருகிறவர்கள் கேட்பதும் ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை, பட்டா. நான் அவர்களை விரட்ட முடியுமா? கூட்டத்துக்கு முந்தைய நாள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த மனுக்களைத் தனியாக வாங்கி வைத்துவிடுகிறேன். கூட்டத்தில் மாநகராட்சி வேலை மட்டும். பகுதிக்கு மூன்றே கோரிக்கை, அதையும் அவர்களே கை தூக்கி வரிசைப்படுத்த வேண்டும். முதல் தடவை பெரிய ரகளை, ஒவ்வொரு சந்துக்கும் தன் சந்துதான் முதலில். இப்போது பழகிவிட்டது. முப்பது கோரிக்கை எழுதினால் சுலபமான கொசு மருந்தை அடித்துவிட்டு, சபை சொன்னதைச் செய்தோம் என்று கணக்குக் காட்டிவிடுகிறார்கள். மூன்று என்றால் ஒளிய இடமில்லை.

பூங்கா வேலியை நமக்கு நாமே திட்டத்தில் எடுத்தோம். மூன்றில் ஒரு பங்கு எங்கள் பணம். வசூல் பண்ணியது பெரிய வேதனை, மாடி வீட்டுக்காரர்தான் கடைசியில் கொடுத்தார். ஆனால் தங்கள் பணம் போயிருக்கிறது என்றதும் கம்பியின் கனத்தைப் பார்க்கப் பத்துப் பேர் வந்து நின்றார்கள், கான்ட்ராக்டர் வெறுத்தே போய்விட்டார். வரிப்பணத்துக்கு ஏன் அப்படி யாரும் வந்து நிற்பதில்லை என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

நிழல்மரம், உங்களுக்கு ஒன்று. கூட்டம் நடந்ததாகச் சொன்னால் வருகைப் பதிவேடும் தீர்மான நகலும் இருந்தாக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இரண்டையும் கேளுங்கள், 30 நாள் கெடு. "ஏன் கூட்டம் நடத்தவில்லை" என்று மட்டும் கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்தத் தேதிக் கூட்டம் என்று ஃபோட்டோவில் இருக்கும் பேனரைப் பார்த்து எழுதுங்கள்.

நிழல்மரம்:
நன்றி அக்கா. இன்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பதிவேடு வந்தால் ஸ்கேன் போடுகிறேன். அதில் என் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்க்க ஆவலாக இருக்கிறது.