ஒரே இனம் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

வினா: உயர்தர மாணவி, உவர்மலை

வணக்கம். தமக்குள் இனம்பெருகி, வளமான எச்சங்களை (தாமும் இனம்பெருகக்கூடிய குட்டிகளை) தோற்றுவிக்கும் அங்கிகள், அதாவது உயிரினங்கள், ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்று படித்திருக்கிறோம். திருகோணமலைக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களுக்கு இது பொருந்துகிறது. ஆனால் இரண்டாகப் பிளந்து பெருகும் பற்றீரியாக்களையும், எலும்பாக மட்டுமே எஞ்சியிருக்கும் அழிந்த விலங்குகளையும் இந்த வரைவிலக்கணத்தால் எப்படிப் பிரிப்பது? ஆய்வாளர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

பதில்: உயிரியல் ஆசிரியர்

பிள்ளை, நீங்கள் எழுதியிருப்பது 1942இல் உயிரியலாளர் ஏர்ணஸ்ட் மேயர் முன்வைத்த கருத்தைச் சார்ந்தது. தோற்றம் எவ்வளவு ஒத்திருந்தாலும், இயற்கையில் இரு கூட்டங்களுக்கிடையே பரம்பரையலகுகள் (ஜீன்கள்) கைமாறுகின்றனவா என்பதையே அது கேட்கிறது. அதன் வலிமையும் அங்கேதான் இருக்கிறது. குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை அநேகமாக மலடாகவே இருப்பதால், அவ்விரண்டும் வெவ்வேறு இனங்களாகவே நிற்கின்றன.

உங்கள் ஐயம் மிகச் சரியானது. கலவியைச் சோதிக்க வழியில்லாத இடத்தில் வேறு சான்றுகளைத் தேட வேண்டியிருக்கிறது. உயிர்ச்சுவடுகளில் பல்லின் அமைப்பு, எலும்பின் அளவு போன்றவற்றை ஒப்பிடுகிறார்கள். பற்றீரியாக்களில் முழு டீ.என்.ஏ. தொடரையும் ஒப்பிட்டு, ஏறத்தாழ 95 சதவீத ஒற்றுமையை எல்லையாகக் கொள்கிறார்கள். அந்த எல்லை ஆய்வாளர்கள் வசதிக்காக வகுத்துக்கொண்டது என்பதையும் மறக்கக் கூடாது. பொது மூதாதையிலிருந்து பிரிந்து, தனக்கெனத் தனி அடையாளம் பெற்ற கிளையை இனமாகக் கொள்வோரும் உண்டு. அவர்களுடைய முறையில், மற்றவர்கள் துணை இனம் என்பவை தனி இனங்களாக உயர்ந்துவிடுவதால், ஒரே காட்டின் இன எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஓர் இனப்பெயரைப் புதிய சான்று வரும்வரை ஏற்றுக்கொண்ட கருதுகோளாகவே நான் பார்க்கிறேன்.

பதில்: சுழியோடி, நிலாவெளி

தோற்றத்தை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதைப் புறாமலையைச் சுற்றியுள்ள முருகைக்கற்களிடையே பார்க்கலாம். கிளிமீன்கள் அலகு போன்ற பற்களால் கல்லைச் சுரண்டும் சத்தம் நீருக்குள் தெளிவாகக் கேட்கும். அவற்றில் பல இனங்கள் முதலில் மங்கிய பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்து, பெண்ணிலிருந்து ஆணாக மாறும்போது பச்சையும் நீலமுமாக நிறம் மாறுகின்றன. முற்கால ஆய்வாளர்கள் இந்த இரு நிலைகளையும் வெவ்வேறு இனங்களாக எண்ணித் தனித்தனிப் பெயர் சூட்டினார்கள். வாழ்க்கை வட்டம் தெரியவந்த பின்னரே அப்பெயர்கள் ஒன்றாக்கப்பட்டன.

பதில்: உயிரியல் ஆசிரியர்

நல்ல உதாரணம், தம்பி. பெயர் வைப்பதைப் பற்றியும் ஒன்று சேர்க்கிறேன். இனத்தின் எல்லை எதுவானாலும், விஞ்ஞானப் பெயர், அதற்கு ஆதாரமாகக் கொள்ளப்படும் வகைமாதிரி எனப்படும் ஒரு மாதிரியோடு பிணைக்கப்பட்டிருக்கும். உயிரினங்களுக்கு விஞ்ஞானப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் ஆசிய யானைக்குப் பெயரிட்டபோது அதன் வாழிடமாக இலங்கையைக் குறித்தார். அவர் பயன்படுத்திய மாதிரிகளில் ஒன்று, மதுசாரத்தில் பேணப்பட்ட யானைக் கரு. அதன் புரதத்தையும் டீ.என்.ஏ.யையும் ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, அது ஆபிரிக்க யானையின் கரு என்று காட்டியது. அதனால் அவர் மேற்கோள் காட்டியிருந்த, இயற்கையியலாளர் ஜோன் ரே விவரித்த புளோரன்ஸ் நகர எலும்புக்கூடு வகைமாதிரியாகத் தெரிவு செய்யப்பட்டது. ஆசிய யானையின் பெயர் இப்போது அதன்மேல்தான் நிற்கிறது.