விடுதி அறைத்தோழிக்கு முதல் செய்தி: என்ன எழுதலாம்?

கேள்வி: கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம் கிடைச்சிருக்கு. என்ர அறைக்கு வரப்போற பிள்ளை காலிப் பக்கம், சிங்களம் பேசுறவ. வாட்ஸ்அப்பில என்ன எழுதிறது?

பதில் 1: நாலு வரி போதும் தங்கச்சி. பேர், ஊர், வந்து சேரும் நாள், கடைசியில ஒரு கேள்வி. கேள்வி இல்லாட்டி "சரி" எண்டு வந்து கதை நிண்டுடும். எளிய ஆங்கிலத்தில எழுதுங்கோ, வணக்கத்தை மட்டும் சிங்களத்தில போடுங்கோ.

பதில் 2: சாமானைப் பங்கு பிரிக்கிறதுதான் முக்கியம். கேத்திலும் ஸ்திரிக்கைப்பெட்டியும் பாவிக்க விடுவினமோ எண்டு முதல்ல விடுதிப் பொறுப்பாளரைக் கேளுங்கோ. விட்டால் ஆளுக்கொண்டு. 13 அம்பியர் பிளக் தாங்கிறது கிட்டத்தட்ட 3000 வாற்று; இரண்டையும் ஒரே நீட்டுவயரில கொழுவினால் அந்த அளவைத் தாண்டி வயர் சூடாகி உருகலாம். நுளம்பு வலை, வாளி, பூட்டு அவரவருக்குத் தனி. வன்னித் தண்ணியில கல்சியம் கூட, சவர்க்காரம் நுரைக்காது, கேத்தில் அடியில வெள்ளை படியும். தெற்கில இருந்து வாறவவுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கோ.

பதில் 3: லைற் அணைக்கிற நேரம், அலாரம் அடிக்கிற நேரம் ரெண்டையும் எழுதுங்கோ. வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடாட்டி அதையும்.