'ஃபங்கி டிரம்மர்' அடி யாருடையது? "சம்பளத்துக்கு வாசித்த ஆள்" என்று எழுதியவருக்கு

கீறல்தட்டு:
பழைய சோல் (கறுப்பின அமெரிக்க இசை) பாடல்கள் பற்றிய திரியில் ஒன்றாம்அடி அவர்கள் போகிறபோக்கில் ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். "ஃபங்கி டிரம்மர் அடியை உருவாக்கியது ஜேம்ஸ் பிரவுன்தான். கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் சம்பளத்துக்கு வாசித்த ஆள், அவ்வளவுதான்." அவ்வளவுதானாம். அதற்கு விருப்பக்குறி வேறு குவிந்து கிடக்கிறது. அங்கேயே பதில் போட்டால் திரி கெட்டுப்போகும் என்று மட்டுறுத்துநர் சொல்வார் என்பதால் தனியாகத் திறக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: பிரவுன் அமெரிக்கப் பாடகர், குழுத்தலைவர்; கிளைட் அவர் குழுவின் டிரம்மர்; 'ஃபங்கி டிரம்மர்' அவர்கள் பாட்டு, அடி என்பது அதில் வரும் டிரம்ஸ் தாளம். 1969 நவம்பர் 20, சின்சினாட்டி, கிங் ஸ்டுடியோ. ஏழு நிமிடப் பாட்டு. ஐந்து நிமிடம் தாண்டிய பிறகு பிரவுன் ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணுகிறார், எல்லாரும் கையை எடுத்துவிடுகிறார்கள், கிளைட் மட்டும் எட்டு பார் (தாளச் சுற்று) தனியாக ஓட்டுகிறார். மொத்தம் இருபது வினாடி இருக்கும். வலது கை ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பலில் நிற்காமல் பதினாறாகப் பிரித்து ஓடுகிறது, ஸ்நேர் டிரம்மில் இரண்டாம் நான்காம் அடி பளீரென்று விழுகிறது, நடுவே இடது கை தோலைத் தொட்டும் தொடாமலும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த முணுமுணுப்புதான் விஷயமே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் இந்த இருபது வினாடியை வெட்டி எடுத்து ஒட்டியிருக்கின்றன. பப்ளிக் எனிமி, எல்.எல். கூல் ஜே, ஜார்ஜ் மைக்கேல் என்று பட்டியல் நீளும். எழுதியவர் என்று இசைத்தட்டில் இருப்பது ஒரே பெயர்: பிரவுன். கிளைட் 2017-இல் சாகும்வரை அந்தப் பாட்டுக்கு உரிமத்தொகை கிடையாது. இவரைத்தான் "அவ்வளவுதான்" என்கிறார் நம்மவர்.

ஒன்றாம்அடி:
முதலில் என் கருத்தை முழுதாக மேற்கோள் காட்டும் நாகரிகம் வேண்டும், நண்பரே. நான் சொன்னது இதுதான்: அந்தப் பாட்டைக் காதைத் திறந்து கேளுங்கள். தனி வருவதற்கு முன்பே பிரவுன் டிரம்மரிடம், தனியா வாசிக்க வேண்டாம் தம்பி, கையில் இருப்பதையே பிடித்துக்கொள் என்று சொல்கிறார். பாட்டிலேயே பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்து டிரம்மரிடம் தனி கொடுத்தால் என்ன செய்வான்? உருட்டுவான், சிம்பலை நொறுக்குவான். அப்படி வாசித்திருந்தால் 1980-களில் எவன் அதை வெட்டிச் சுற்றவிட்டிருப்பான்? வாசிக்காதே என்று சொன்ன அந்த ஒரு கட்டளையால்தான் அந்த அடி அடியாக இருக்கிறது. கட்டளை யாருடையது? யோசித்துச் சொல்லுங்கள்.

கீறல்தட்டு:
"கையில் இருப்பதையே பிடி." யார் கையில்? பிரவுன் கையிலா? மைக் பிடித்த கைக்கும் குச்சி பிடித்த கைக்கும் வித்தியாசம் தெரியாமல் இசைத் திரியில் எழுதுகிறீர்கள். நாகஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினால்தான் தவில்காரர் தனி தொடங்குவார், அதற்காகத் தனியை வாசித்தவர் நாகஸ்வரக்காரர் என்று எந்த ஊரில் சொல்வார்கள்?

பேஸ்பாண்டி:
அண்ணே, ஆரம்பிச்சாச்சா. நான் டீ போட்டுட்டு வர்றேன்.

ஒன்றாம்அடி:
உங்கள் உதாரணமே உங்கள் காலை வாருகிறது. தவில்காரர் வாசிப்பது தனி. இங்கே பிரவுன் சொன்னதே தனி வேண்டாம் என்பது. வேண்டாம் என்று சொன்னதைத்தான் நான் சொல்கிறேன், நீங்கள் மறுபடியும் தனி தனி என்கிறீர்கள். இரண்டு வருடம் முந்தைய 'கோல்ட் ஸ்வெட்' பாட்டிலும் இதே கிளைட்தான், அதில் பிரவுன் டிரம்மருக்கு இடம் கொடுங்கள் என்று கூவுகிறார், கிளைட் வாசிக்கிறார். அதுவும் நல்ல வாசிப்புதான். ஆனால் உலகம் சுற்றியது எது? வாசிக்காதே என்று சொன்ன 1969 பாட்டுதான்.

வயலட்:
ஒரு சின்ன வேண்டுகோள். "உருவாக்கினார்" என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? அடியை யோசித்தவரா, வாசித்தவரா, பாட்டில் அதற்கு இடம் ஒதுக்கியவரா, சட்டப்படி உரிமை வைத்திருப்பவரா? நான்கும் நான்கு விஷயம். அதை முதலில் பேசிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

கீறல்தட்டு:
ஒன்றாம்அடிக்கு: 'கோல்ட் ஸ்வெட்' என்று நீங்களாக வந்து மாட்டிக்கொண்டீர்கள். அந்தப் பாட்டில் எழுதியவர்கள் என்று இரண்டு பெயர் உண்டு, பிரவுன், அவர் குழுவின் சாக்ஸபோன்காரர் பீ வீ எல்லிஸ். பிரவுன் வாயாலே முனகிக் காட்டினார், எல்லிஸ் அதை ஸ்வரமாக எழுதி ஊதுகுழல் பகுதியைக் கட்டினார், ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பாட்டு ஒன்றின் சாயல் அதில் வந்துவிட்டது என்று எல்லிஸே சொல்லியிருக்கிறார். சரி, முனகலைப் பாட்டாக்கிய ஆளுக்குப் பெயர் போட்டார்கள். முனகல்கூட இல்லாமல் தானாக அடித்த ஆளுக்கு ஏன் போடவில்லை? யாரும் எனக்கு இப்படி அடி என்று சொல்லிக்கொடுத்ததில்லை என்பதுதான் கிளைட் கடைசிவரை சொன்னது. அமெரிக்காவின் சட்டனூகா நகரில் வளர்ந்த பையன். தொழிற்சாலைச் சத்தமும் ரயில் சத்தமும் கேட்டு அதற்குத் தோதாகத் தாளம் போட்டுப் பழகியவர், முறையாக யாரிடமும் கற்கவில்லை. அந்த ரயிலையும் பிரவுன்தான் ஓட்டினார் என்பீர்களா?

ஒன்றாம்அடி:
எல்லிஸ் எழுதினார். காகிதத்தில். கிளைட் எழுதவில்லை. அமெரிக்கப் பதிப்புரிமையில் மெட்டுக்கும் வரிகளுக்கும்தான் எழுதியவர் என்று பெயர், தாளத்துக்குப் பெயர் போடுகிற வழக்கம் அப்போது இல்லை. இது பிரவுன் செய்த சதி இல்லை, ஊர் நடைமுறை. டெட்ராய்டில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனம் என்ன செய்தது? அந்த வாத்தியக்காரர்கள் பெயரை ஆண்டுக்கணக்கில் அட்டையில்கூடப் போடவில்லை. அவர்களில் பேஸ் கிடார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பெயர் 1971-இல் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தட்டில்தான் வந்தது. அதற்கு மட்டும் யாரும் திரி திறப்பதில்லை.

பேஸ்பாண்டி:
ஜேமர்சன் பெயரை எடுத்ததால் உள்ளே வருகிறேன். ஒரே விரல், ஆள்காட்டி விரல் மட்டும், அதை வைத்துக்கொண்டு மோடவுன் பாட்டுகளுக்குக் கீழே இன்னொரு பாட்டே பாடினார் மனுஷன். போன மாதம் நான் இதை எழுதியபோது "பேஸை யார் கேட்கிறார்கள், பாட்டு டயானா ராஸுடையது" என்று எழுதியது இதே கீறல்தட்டு அண்ணன்தான். இன்றைக்கு வாத்தியக்காரர் உரிமைக்காகக் கொடி பிடிக்கிறார். காலம் மாறுது.

கீறல்தட்டு:
பாண்டி, அது வேறு சூழல், நான் சொன்னது ரேடியோவில் பாட்டுக் கேட்பது பற்றி. பேச்சை மாற்றாதீர்கள். இங்கே கேள்வி ஒன்றுதான். "தனியா வாசிக்காதே" என்பது கட்டளையா, பாராட்டா? நீ இப்போது வாசிக்கிறதே பிரமாதமாக இருக்கிறது, அதைக் கெடுத்துவிடாதே என்று முதலாளியே வாய்விட்டுச் சொல்கிறார். இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா? தனி முடிந்ததும் இந்தப் பாட்டின் பெயர் 'ஃபங்கி டிரம்மர்' என்று அந்த இடத்திலேயே பெயரும் வைக்கிறார். பெயர் வைத்தார், சரி. காசு வைத்தாரா?

நியூஆர்லியன்ஸ்_ரசிகன்:
இரண்டு பேரும் தப்பு. இந்த ஃபங்க் பாணித் தாளம் சின்சினாட்டியிலும் பிறக்கவில்லை, பிரவுனின் ஊரான ஆகஸ்டாவிலும் பிறக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸ் தெரு ஊர்வலங்களில் பேண்டுக்குப் பின்னால் ஆடிக்கொண்டு போகிற கூட்டத்திடம் இருந்து வந்தது. பிரவுன் குழுவிலேயே கிளைட்டுக்கு முன்னால் 1962-இல் வாசித்த கிளேட்டன் ஃபில்யா அந்த ஊர் அடியைப் பிடித்துக்கொண்டு வந்தவர். அந்த ஊர் மீட்டர்ஸ் குழுவின் 'சிஸ்ஸி ஸ்ட்ரட்' 1969 தான், ஜிகபூ மாடலிஸ்ட் டிரம்ஸைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள். நாலே பேர். பத்துப் பேர் ஊதுகிற கூச்சல் கிடையாது.

ஜங்கிள்கேசட்:
தாளம் உலகம் சுற்றியது பற்றிப் பேசினால் 'ஆமென் பிரதர்' இல்லாமல் எப்படி? அதுவும் 1969, வின்ஸ்டன்ஸ் குழு, ஒரு சிங்கிளின் (சிறு இசைத்தட்டின்) பின்பக்கம், ஆறேழு வினாடி டிரம்ஸ். இங்கிலாந்தில் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற நடன இசைகளில் ஒரு தலைமுறையே அதன் மேல் நின்றது. வாசித்த கிரிகரி கோல்மன் 2006-இல் வீடில்லாமல் செத்தார். கிளைட்டுக்காவது பெயர் இருக்கிறது.

ஒன்றாம்அடி:
நியூ ஆர்லியன்ஸ் நண்பர் வழக்கம்போல எல்லாம் தன் ஊரில் தொடங்கியது என்கிறார், அவருடன் நான் வாதாடுவதை நிறுத்தி நாளாயிற்று. அவர் அந்த ஊருக்குப் போனதும் இல்லை என்பது வேறு.

கீறல்தட்டுக்கு: பாராட்டு என்றே வைத்துக்கொள்வோம். எந்த முதலாளி பாராட்டுகிறான்? ஷூ பாலிஷ் போடாததற்கும் தாளம் தவறியதற்கும் அபராதம் போட்ட ஆள். மேடையில் ஆடிக்கொண்டே கையால் சைகை காட்டி அபராதம் ஏற்றுவார். அந்த ஒழுங்கு இருந்ததால்தான் பத்துப் பேரும் முதல் அடியில் ஒன்றாக விழுந்தார்கள். கிடார், ஊதுகுழல், பேஸ் எல்லாவற்றையும் தாள வாத்தியமாக மாற்றியது பிரவுன் மூளை. அந்த மூளை இல்லாமல் உங்கள் கிளைட்டைத் தனியாக உட்கார வைத்தால் என்ன வந்திருக்கும்? பிரவுனைவிட்டு வெளியே போன பிறகு மேடிசன் நகரத்தில் வாரம்தோறும் வாசித்துக்கொண்டிருந்தார். அதில் எத்தனை பேர் வெட்டி எடுத்தார்கள்?

வயலட்:
அபராதம் போட்டதைப் பெருமையாகச் சொல்கிற முதல் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். 1970-இல் அந்தக் குழுவே சம்பளம் கேட்டு முரண்டு பிடித்ததும், சின்சினாட்டியில் இருந்து பேஸ் வாசிக்கிற பூட்ஸி காலின்ஸையும் மற்றப் பையன்களையும் விமானத்தில் வரவழைத்து மேடை ஏற்றியதும் அந்த "ஒழுங்கின்" தொடர்ச்சிதான். என் கேள்விக்கு இன்னும் இருவரும் பதில் சொல்லவில்லை.

கீறல்தட்டு:
வயலட் அவர்களுக்கு நன்றி, அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். (கேள்விக்குப் பிறகு வருகிறேன்.)

மேடிசனைக் கேலி பேசுகிற ஒன்றாம்அடி, அதே மேடிசனில் கிளைட் புற்றுநோயால் படுத்தபோது மருத்துவச் செலவில் பல்லாயிரம் டாலரைச் சத்தமில்லாமல் கட்டியது யார் தெரியுமா? பிரின்ஸ். அந்தப் பாடகர் இறந்த பிறகுதான் கிளைட் அதை வெளியே சொன்னார். பிரின்ஸுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை. சம்பளத்துக்கு வாசித்த ஆளுக்கு யாராவது அப்படிக் கட்டுவார்களா?

அப்புறம் இன்னொன்று. அந்தப் பாட்டு 1970-இல் சிங்கிளாக வந்தபோது பெரிதாக எடுபடவில்லை, ஆல்பம் எதிலும் சேர்க்கக்கூட இல்லை. 1986-இல் 'இன் த ஜங்கிள் க்ரூவ்' தொகுப்பு வந்தபோது டிஜே டானி கிரிவிட் அந்த டிரம்ஸ் பகுதியை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்ப ஒட்டி மூன்று நிமிடத்துக்கு நீட்டினார், அந்த நேரத்தில் பாட்டுத் துண்டை வெட்டி ஒட்டும் சாம்ப்ளர் கருவிகளும் பையன்கள் கைக்கு வந்துவிட்டன. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அவர்களுக்கு வேண்டியிருந்தது பிரவுன் குரல் இல்லாத இடம். பிரவுன் வாயை மூடிய இடம்தான் உலகம் சுற்றியது!

ஒன்றாம்அடி:
வாயை மூடவில்லை. தனிக்கு நடுவிலும் குரல் கொடுக்கிறார். உங்கள் தட்டு உண்மையிலேயே கீறல் போலிருக்கிறது. என்னிடம் கிங் நிறுவனத்தின் அசல் 45 சுழற்சி இசைத்தட்டு இருக்கிறது, வேண்டுமானால் பதிவு செய்து அனுப்புகிறேன்.

பேஸ்பாண்டி:
சார், அந்த 45-இல் பாட்டு இரண்டு பாகமாக இருக்கும். நீங்கள் எந்தப் பக்கம் கேட்கிறீர்கள்?

ஒன்றாம்அடி:
இரண்டு பக்கமும் கேட்பேன், பாண்டி. என் விருப்பம்.

கீறல்தட்டு:
45 இருப்பதும் காது இருப்பதும் வேறு. நடுவில் ஒரு "ஆஹ்" சொன்னால் அது உருவாக்கியதாகிவிடுமா? மறுபடியும் கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள்: "கையில் இருப்பதையே பிடி" என்று சொல்லும்போது கையில் ஏற்கெனவே இருந்தது யாருடையது?

ஒன்றாம்அடி:
மறுபடியும் சொல்கிறேன், நேராகவே: "வாசிக்காதே" என்று சொன்னது யார்?

ஜங்கிள்கேசட்:
கிளைட்டுக்கே அந்தப் பாட்டு பெரிதாகப் பிடிக்காது என்று பேட்டியில் சொல்லியிருக்கிறாரே. இரண்டு பேரும் அவரையாவது விடுங்கள்.

கீறல்தட்டு:
பிடிக்காமல் வாசித்ததே இப்படி என்றால் பிடித்து வாசித்திருந்தால்?

நியூஆர்லியன்ஸ்_ரசிகன்:
பிடித்து வாசித்தால் ஜிகபூ மாதிரி இருந்திருக்கும்.

ஒன்றாம்அடி:
கிளைட் கிளைட் என்று கத்துகிறவர்களுக்கு ஒரு தகவல். பிரவுனின் 'செக்ஸ் மெஷின்', 'சூப்பர் பேட்' பாட்டு இரண்டிலும் டிரம்ஸ் ஜாபோ ஸ்டார்க்ஸ். கிளைட் இல்லை. பிரவுனின் ஃபங்க் ஒரு ஆளை நம்பி இருக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆள் மாறினாலும் அடி நின்றது.

கீறல்தட்டு:
ஜாபோவை இழுத்துவிட்டீர்களா. ஜாபோ, பாடகர் பாபி பிளாண்ட் குழுவில் இருந்து வந்தவர், அவர் கை வேறு, கனம் வேறு. நேர்கோடு மாதிரி போவார். கிளைட் கோட்டுக்கு இருபுறமும் ஓடுவார். இரண்டையும் ஒன்று என்று சொல்கிறவருக்கு 'கோல்ட் ஸ்வெட்' பற்றிப் பேசவே தகுதி இல்லை. இருவரும் பிற்காலத்தில் ஒன்றாகவே மேடையேறினார்கள், அவர்களுக்குள் சண்டை இல்லை, உங்களுக்குத்தான். ஜாபோவைப் பற்றித் தனித் திரி திறக்கிறேன், தைரியம் இருந்தால் அங்கே வாருங்கள்.

ஒன்றாம்அடி:
திறவுங்கள். 45-உடன் வருகிறேன்.

பேஸ்பாண்டி:
எந்தப் பக்கம் சார்?